எண்ணுக்கு ஊர் இல்லை என்பவர்களுக்கு

நாகர்கோவில் பக்கம் கால்பந்து பேசுகிற இளைஞர்களிடம் இப்போது ஒரு வேதவாக்கு இருக்கிறது. எண் பொய் சொல்லாது என்பது அதன் முதல் பாதி. எண்ணுக்கு ஊர் கிடையாது, சாதி கிடையாது, சிபாரிசு கிடையாது. ஆகவே வள்ளவிளை மணலில் ஆடுகிற பையனுக்கும் பெருநகர அகாடமிப் புல்லில் ஆடுகிற பையனுக்கும் ஒரே நீதி வழங்கப்போவது டேட்டாதான் என்பது இரண்டாம் பாதி. தொலைக்காட்சியில் வருணனை செய்கிறவர்கள் இதைச் சொல்கிறார்கள். கோடை முகாமுக்கு ஆள் சேர்க்கும் துண்டுப் பிரசுரங்களும் இதைச் சொல்கின்றன. முதல் பாதியோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை, பாதியளவு உண்மை அதில் இருக்கிறது. இரண்டாம் பாதிதான் நம் கடற்கரைக்குக் கெடுதல் செய்கிறது. நல்ல மனம் கொண்டவர்கள் சொல்வதால் அதை யாரும் எதிர்த்துக் கேட்பதும் இல்லை.

எண்ணை எதிர்க்கிறவன் என்று என்னை ஒதுக்கிவிட வேண்டாம். “கண்ணால பாத்தா போதாதா, கால்குலேட்டர் எதுக்குவோய்” என்கிற பெரியவர்களின் கட்சியில் நான் இல்லை. அவர்களுடைய வாதம் எங்கே தோற்றது என்பதிலிருந்தே தொடங்குகிறேன். அது தோற்ற இடம் நமக்குச் சற்றும் சம்பந்தமில்லாதது: கனடாவிலும் அமெரிக்காவிலும் ஆடப்படும் ஐஸ் ஹாக்கி. நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல்லில் காண்பதுதான். ஆனால் கோல் அரிதாக விழும் ஆட்டத்தில் எண்ணை எப்படிக் கையாள வேண்டும் என்பதைக் கால்பந்துக்கு முன்பே கற்றுக்கொண்டது அந்த ஆட்டம்தான்.

அங்கே ஒரு அணி ஒரு ஆட்டத்துக்குச் சுமார் 3 கோல் போடும். சீசனில் 82 ஆட்டம், ஆக 250 கோல் அளவு. இவ்வளவு குறைந்த கோல்களை வைத்து எந்த அணி நல்லது என்று தீர்ப்புச் சொன்னால் அதிர்ஷ்டம் அதில் பெரும்பங்கு எடுத்துக்கொள்ளும். பஃபலோ சேபர்ஸ் அணியில் கோல்காப்பாளர்களுக்குப் பயிற்சி தந்த ஜிம் கார்சி, தன் கோலிகள் ஒரு ஆட்டத்தில் எவ்வளவு உழைக்கிறார்கள் என்று அறிய விரும்பினார். வலைக்குள் போனதையும் கோலி தடுத்ததையும் மட்டும் எண்ணினால் போதாது, வெளியே போனதும் நடுவில் வேறொருவர் உடம்பில் பட்டு நின்றதும் சேர்த்தி, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் கோலி குனிந்து நகர்ந்து தயாராகத்தான் வேண்டியிருக்கிறது என்பது அவர் கணக்கு. டிம் பார்ன்ஸ் என்ற ரசிகர் இந்த எண்ணிக்கையை எடுத்து அணிகளை மதிப்பிடப் பயன்படுத்தி, அதற்கு ‘கார்சி’ என்றே பெயரும் வைத்துவிட்டார். ஒரு சீசனுக்கு ஒரு அணிக்கு நாலாயிரத்துக்கும் மேற்பட்ட முயற்சிகள் கணக்கில் வந்தன. 250இல் தெரியாத உண்மை நாலாயிரத்தில் தெரிந்தது.

பி.டி.ஓ. என்று இன்னொன்று. ஒரு அணி அடிக்கும் ஷாட்களில் கோலாவது எத்தனை சதவீதம், அதன் கோலி தடுப்பது எத்தனை சதவீதம், இரண்டையும் கூட்டினால் வருவது. நெடுநாளில் எல்லா அணிக்கும் இது 100க்கு அருகில் வந்து நிற்கும். ஒரு அணிக்கு இது 103 என்று இருந்தால், அதன் வெற்றிகளில் கொஞ்சத்தைக் கடவுள் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

டொரோன்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்கு இதுதான் நடந்தது. 2013இல் அவர்கள் பல ஆண்டுகளுக்குப் பிறகு பிளேஆஃப் போனார்கள். ஷாட் கணக்கு அப்போதே மோசம். கூட்டிக் கழித்தவர்கள் எச்சரித்தார்கள். பயிற்சியாளர் ராண்டி கார்லைல் தரப்பும் டொரோன்டோவின் பல பத்திரிகையாளர்களும் அதைக் கேலி செய்தார்கள். இந்த அணியின் நெஞ்சுரம் எண்ணில் வராது என்றார்கள். அடுத்த சீசனில் எதிரணிகள் சராசரியாக ஆட்டத்துக்கு 36 ஷாட்கள் அடித்தன, லீக்கிலேயே அதிகம். கடைசி 14 ஆட்டங்களில் 12இல் தோற்று லீஃப்ஸ் வெளியேறினார்கள். அதே 2013-14இல் 112 புள்ளியோடு தன் பிரிவில் முதலிடம் பிடித்த கொலராடோ அவலாஞ்ச் அணியைப் பற்றியும் அதே எச்சரிக்கை சொல்லப்பட்டது. அடுத்த ஆண்டு அவர்கள் பிளேஆஃப் பக்கமே வரவில்லை. 2014 கோடையில் அணிகள் வரிசையாகக் கணக்குப் பிள்ளைகளை வேலைக்கு எடுத்தன. லீஃப்ஸே 28 வயது கைல் டூபாஸைத் துணைப் பொது மேலாளர் ஆக்கினார்கள்.

இதில் எண் ஜெயித்தது. மறுப்பில்லை. பெரியவர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆனால் நம் இளைஞர்கள் இந்த வெற்றியை மட்டும் இறக்குமதி செய்கிறார்கள், அது விளைந்த நிலத்தை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். ஐஸ் ஹாக்கியில் ஆட்டக்காரர்கள் முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை களத்திலிருந்து வெளியேறி வேறு ஐந்து பேர் இறங்குவார்கள். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றம் நடக்கும். ஆகவே இன்னார் களத்தில் இருந்தபோது அணி எப்படி ஆடியது, இல்லாதபோது எப்படி ஆடியது என்று ஒரே ஆட்டத்துக்குள் பத்திருபது தடவை ஒப்பிட முடிகிறது. அந்த விளையாட்டின் விதியே ஒரு பரிசோதனைக் கூடம். கால்பந்தில் 11 பேர் 90 நிமிடம் சேர்ந்தே நிற்கிறார்கள். ஐந்து பேரை மாற்றலாம், அதுவும் பெரும்பாலும் கடைசி அரைமணி நேரத்தில், களைத்த எதிரிகளுக்கு எதிராக. இடது பேக்கின் நன்மையை அவன் பக்கத்தில் ஆடும் ஸ்டாப்பரின் நன்மையிலிருந்து பிரித்தெடுக்க எண்ணுக்கு வழியில்லை. இருவரும் பிரிந்து ஆடினால்தானே?

அந்தப் பரிசோதனைக் கூடத்திலும் எண் தடுமாறியிருக்கிறது. முன்னணியில் இருக்கும் அணி பின்வாங்கிக் காக்கும், பின்தங்கியது கண்மூடித்தனமாக அடிக்கும். இதைத் திருத்தாமல் கார்சியைப் படித்தால் தோற்கும் அணியே நல்ல அணி என்று வரும். 2018இல் நட்சத்திர ஆட்டக்காரர் ஓவெச்கினின் வாஷிங்டன் கேபிடல்ஸ், ஐஸ் ஹாக்கியின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பையை வென்றபோது, அந்த சீசன் முழுவதும் சம ஆட்கள் ஆடும் நேரத்தில் ஷாட் முயற்சிகளில் அவர்கள் பங்கு பாதிக்கும் கீழேதான் இருந்தது. எங்கிருந்து அடிப்பது, யார் அடிப்பது என்பது எத்தனை என்பதை வென்றது. இன்னொரு வேடிக்கை: ஷாட் எங்கிருந்து அடிக்கப்பட்டது என்று குறிப்பவர் மைதானத்துக்கு மைதானம் வேறு ஆள். நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் குறித்தவர்கள் ஷாட்களை உண்மையைவிட வலைக்கு நெருக்கமாகக் குறிக்கும் பழக்கம் கொண்டிருந்தார்கள். ஆய்வாளர்கள் அதற்கென்று தனித் திருத்தக் கணக்கு போட வேண்டியதாயிற்று. எண்ணுக்குப் பின்னால் ஒரு கண் உட்கார்ந்திருந்தது. கண்ணுக்கு மாற்றாக எண் என்று பேசுகிறவர்கள் இதை நினைவில் வைப்பதில்லை.

இப்போது நம் நாட்டுக் கணக்குக்கு வருவோம். ஐ.எஸ்.எல். லீக்கில் 2023-24 சீசனில் 12 அணிகள், ஒவ்வொன்றும் லீக் சுற்றில் 22 ஆட்டம். ஒரு பார்வேடு எல்லா ஆட்டத்திலும் இறங்கி ஆட்டத்துக்கு 2 ஷாட் அடிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 44. அவனுடைய உண்மையான திறமை 100க்கு 12 என்றால் 5 கோல் எதிர்பார்க்கலாம். ஆனால் வெறும் தற்செயல் மட்டுமே அந்த 5ஐ இரண்டு கூட்டியும் குறைத்தும் காட்டப் போதும். 3 கோல் போட்டவனுக்கு ஒப்பந்தம் பறிபோகிறது, 7 கோல் போட்டவனுக்கு விலை ஏறுகிறது. இருவரும் ஒரே ஆளாக இருந்திருக்கலாம். இதற்குத்தான் எக்ஸ்.ஜி. என்று அடுத்த எண் வருகிறது. ஒவ்வொரு ஷாட்டும் எந்த இடத்திலிருந்து, எந்தக் கோணத்தில், அது கோலாகும் வாய்ப்பு எவ்வளவு என்று கூட்டுவது. பெனால்டி என்றால் முக்கால் கோலுக்குச் சற்று மேல். கார்சி ஹாக்கிக்குச் செய்ததை இது கால்பந்துக்குச் செய்கிறது, நல்ல கருவிதான். ஆனால் 44 ஷாட் 44 ஷாட்தான். அந்த வாய்ப்பு விகிதங்கள் பெரும்பாலும் ஐரோப்பிய லீக்குகளின் ஆயிரக்கணக்கான ஷாட்களிலிருந்து பிழியப்பட்டவை. அங்கே தடுத்தவனின் வேகம் வேறு, தரை வேறு, மாலை ஏழு மணிக்குக் கொச்சியில் ஏறும் புழுக்கம் அந்தச் சூத்திரத்தில் எங்கே இருக்கிறது?

ஐ.எஸ்.எல். தொடங்கிய 2014 முதல் 2024-25 வரை அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி ஒரு இந்தியருக்கும் கிடைக்கவில்லை. எலானோ, மென்டோசா, மார்செலின்ஹோ, கோரோ, வால்ஸ்கிஸ், ஒக்பெச்சே என்று வெளிநாட்டுப் பெயர்களாகவே போகிறது. எண் பேசுகிறவர்கள் இதைக் காட்டி இந்திய முன்கள ஆட்டக்காரனுக்கு முடிக்கத் தெரியாது என்கிறார்கள். முதல் மூன்று சீசன்களில் களத்தில் 6 வெளிநாட்டவர் வரை நிற்கலாம், பிறகு 5, 2021-22 முதல் 4. பெரும்பாலான அணிகள் அந்த இடங்களில் ஒன்றையாவது நடு முன்களத்துக்கு ஒதுக்கின. கோல் விழும் இடத்தில் வெளிநாட்டுக்காரன், ஓரத்தில் ஓடிக் கிராஸ் போடும் இடத்தில் இந்தியன். அப்புறம் கோலை எண்ணினால் என்ன வரும்? அந்த எண் திறமையை அளக்கவில்லை, பயிற்சியாளர் காகிதத்தில் யாரை எங்கே எழுதினார் என்பதை அளக்கிறது. அந்த இடம் கிடைத்த அரிய விதிவிலக்கான சுனில் சேத்ரி 40 வயதில், 2024-25 சீசனில் 14 கோல் போட்டார்.

நம் மாவட்டத்துக்காரர் ஒருவரையே எடுத்துக்கொள்வோம். இரவிபுத்தன்துறையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி அணியில் வெளித் தெரிந்து, 2018இல் ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போனார். அங்கே முன்னால் ஆடும் தாக்குதல் ஆட்டக்காரர். 2019இல் ஏ.டி.கே. அணிக்குப் போனபோது பயிற்சியாளர் ஹபாஸ் மூன்று பேக்குகளை நிறுத்தி, சூசைராஜை இடது ஓரம் முழுவதற்கும் பொறுப்பான விங்-பேக் ஆக்கினார். தன் கொடிக் கம்பத்திலிருந்து எதிரியின் கொடிக் கம்பம் வரை ஓடித் திரும்புகிற வேலை. அந்த சீசனில் அணி கோப்பையை வென்றது. 2020 மார்ச் 14, கோவாவின் ஃபத்தோர்டா மைதானம், தொற்றுநோய் அச்சத்தால் பார்வையாளரே இல்லாத இறுதி ஆட்டம். இந்த இரண்டு சீசனின் கோல் எண்ணிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் ஏறினாரா இறங்கினாரா என்று கேட்பது அபத்தம். வேலை மாறிவிட்டது. அடுத்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே, கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக, கால்மணி நேரத்துக்குள் முழங்கால் போய் வெளியேறினார். இதைப் பார்த்தவனுக்கு நடந்தது என்னவென்று தெரியும். பட்டியலில் அது ஒரு ஆட்டம், பூஜ்யம் கோல்.

நல்ல பகுப்பாய்வாளர் எவரும் இப்படிப் படிக்கமாட்டார் என்று பதில் வரும். சரிதான். நல்ல பகுப்பாய்வாளர்களோடு எனக்கு என்ன வழக்கு? நான் மறுப்பது அவர்களுடைய பெயரைச் சொல்லி நடக்கும் வியாபாரத்தை. அந்த வியாபாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இங்கிலாந்திலேயே முன்னுதாரணம் உண்டு.

சார்லஸ் ரீப் என்பவர் பிரிட்டிஷ் விமானப் படையில் கணக்கர். 1950 மார்ச் 18 அன்று ஸ்விண்டன் அணியின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அணி திரும்பத் திரும்ப வீணடிப்பதைப் பொறுக்காமல் இடைவேளைக்குப் பிறகு காகிதமும் பென்சிலும் எடுத்துக் குறிக்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கான ஆட்டங்களைக் குறித்தார். உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஐந்தில் நான்கு கோல்கள் மூன்று பாஸுக்குள் முடிந்த நகர்வுகளிலிருந்து வந்தன என்று கண்டார். ஆகவே பாஸ் பண்ணி நேரத்தைக் கெடுக்காதே, பந்தைத் தூக்கி முன்னால் அடி என்றார். இந்தக் கருத்து பயிற்சி நூல்களில் ஏறி, இங்கிலாந்தின் ஆட்டத்தில் ஒரு தலைமுறையைக் கெடுத்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. பிழை எங்கே? அவருடைய தாளிலேயே இருந்தது. கோலில் முடிந்தாலும் முடியாவிட்டாலும், ஆட்டத்தில் நடக்கும் நகர்வுகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் மூன்று பாஸுக்குள் அறுந்துவிடுகின்றன. அந்தப் பெருங்கூட்டம் சேர்ந்து தருவது ஐந்தில் நான்கு கோல். மீதி பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நீண்ட நகர்வுகள் தருவது ஐந்தில் ஒன்று. அதாவது நீண்ட நகர்வுக்குப் பலன் இரண்டு மடங்குக்கும் மேல். தன் எண்ணே தனக்கு எதிராகச் சாட்சி சொன்னதை ரீப் பார்க்கவில்லை. எதால் வகுக்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

வகுக்கும் எண்ணைக் கேட்காத இந்தப் பழக்கம்தான் நம் கடற்கரையைப் பற்றிய பேச்சிலும் இருக்கிறது.

தூத்தூர் வட்டாரம் என்றால் எட்டு ஊர்கள்: நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை. ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் இந்தியாவெங்கும் பேர் பெற்றவர்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வாரிக்கொண்டு போனது இவர்களைத்தான். அதே ஊர்கள் பல தலைமுறைகளாகத் தமிழ்நாட்டு சந்தோஷ் டிராபி அணிக்கும் சென்னையின் வங்கி, ரயில்வே, அரசுத் துறை அணிகளுக்கும் ஆள் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. நீரோடியைத் தாண்டிக் கேரளத்துக்குள் கால் வைத்தால் பொழியூர். அதுவும் பந்து ஊர்தான், அங்கிருந்து கேரள அணிக்குப் போகிறார்கள். 1956இல் போட்ட எல்லைக்கோடு ஒரே கடற்கரையின் ஆட்டக்காரர்களை இரண்டு சங்கங்களின் பேரேட்டில் பிரித்து எழுதுகிறது.

இந்த எட்டு ஊர்களில் கோடை விடுமுறையிலும் கோயில் திருவிழாவை ஒட்டியும் நடக்கிற ஆட்டங்களில் எத்தனை ஷாட்டுக்குக் கணக்கு இருக்கிறது? காப்பாளன் எத்தனை தடுத்தான் என்று எந்தக் கம்பெனி எழுதி வைத்திருக்கிறது? மலப்புறத்தில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டிகளில் ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்து பார்க்கிறார்கள், அங்கே ஆடுகிறவனுக்குக் கூலி கிடைக்கிறது. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் அங்கீகாரம் அதற்கு இல்லை, ஆகவே அங்கே அடித்த கோல் எந்த ஆவணத்திலும் கோல் இல்லை. எண் ஊர் பார்ப்பதில்லை என்று சொல்வது உண்மைதான், இந்த ஊர்களை அது பார்த்ததே இல்லை என்கிற பொருளில்.

சூசைராஜ் எப்படி எண்ணுக்குள் வந்தார் என்று யோசித்துப் பாருங்கள். 2017இல் ஐ-லீகில் சென்னை சிட்டி அணிக்கு நேரடி இடம் கொடுக்கப்பட்டது. அது சம்மேளனம் எடுத்த நிர்வாக முடிவு. அந்த முடிவால் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் சிலர் கேமரா முன்னால் வந்தார்கள், அதற்குப் பிறகே அவர்களுக்கு எண் பிறந்தது. 2019 மார்ச்சில் கோயம்புத்தூரில் மினர்வாவை 3-1 என்று வென்று அதே அணி ஐ-லீக் சாம்பியன் ஆயிற்று. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்த அணியே லீக்கிலிருந்து மறைந்துபோனது. இப்போது தமிழ்நாட்டிலிருந்து ஐ.எஸ்.எல். ஆடுவது சென்னையின் அணி ஒன்றுதான். சென்னை சிட்டி இருந்த ஆண்டுகளில் கடற்கரையில் திறமை ஊறி, அது போனதும் வற்றிவிட்டதா? எண்ணை நம்பினால் அப்படித்தான் சொல்ல வேண்டிவரும். ஏலத்துக்கு வந்த மீனை மட்டும் எண்ணி, கடலில் இன்னின்ன மீன்தான் உண்டு என்று குளச்சலில் யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போவார்கள். கால்பந்தில் அதையே மடிக்கணினி திறந்து வைத்துச் சொன்னால் குறிப்பெடுத்துக்கொள்கிறோம்.

அதுவும் எந்த லீக்கின் எண்? 2025 ஜூலையில், சம்மேளனத்துக்கும் வணிகப் பங்காளிக்கும் இடையிலான ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத சிக்கலில் ஐ.எஸ்.எல்.லையே நிறுத்தி வைத்தார்கள். அடுத்த சீசன் எப்போது என்று தெரியாமல் ஆட்டக்காரர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். கனடாவில் 82 ஆட்டம் என்பது பெரும்பாலான ஆண்டுகளில் நிச்சயமாக இருந்தது. அந்த நிச்சயத்தின் மேல் கட்டிய கருவியை, லீக் நடக்குமா நடக்காதா என்று கேட்க வேண்டியிருந்த நாட்டில் நீதிபதியாக உட்கார வைக்கிறார்கள்.

எதிர்த்தரப்பின் வலுவான கேள்வி ஒன்று உண்டு. கண்ணை நம்பினால் மட்டும் நீதி கிடைத்ததா? தேர்வுக் குழுவில் யார் மாமா, எந்தப் பாதிரியார் கடிதம் கொடுத்தார், பையன் ஆறடி இருக்கிறானா, இதையெல்லாம் பார்த்துத்தானே எடுத்தார்கள்? உயரம் குறைந்தவன் என்று திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகள் ஒவ்வொரு கடற்கரை ஊரிலும் இருக்கிறார்கள். அந்த அநீதிக்கு முன்னால் குறைந்தது எண் ஒரு வாதத்தையாவது கொடுக்கிறதே?

கொடுக்கிறது, எண் இருந்தால். மாமா இல்லாதவனிடம் எண்ணும் இல்லை என்பதுதான் நான் சொல்வது. ஜி.பி.எஸ். பனியன் மாட்டி ஓடவும், ஆட்டத்தை நாலு கேமராவில் பிடித்துத் துண்டு துண்டாக வெட்டி அனுப்பவும் பணம் கட்டக்கூடிய அகாடமிப் பையனுக்கு ஒரு கோப்பு இருக்கிறது. சின்னத்துறைப் பையனுக்கு இல்லை. முன்பு இருவருமே தேர்வு நாளில் மைதானத்தில் நின்றார்கள். கோணல் கண்தான் என்றாலும் அது இருவரையும் பார்த்தது. கோப்பு இல்லாதவர்கள் தேர்வுக்கே வர வேண்டாம் என்றாகும் நாளில் பழைய சிபாரிசு ஒழிந்துவிடாது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு வரும், அவ்வளவுதான். அப்போது அதை எதிர்த்துப் பேசவும் முடியாது. மாமாவைத் திட்டலாம், சதவீதத்தை யார் திட்டுவது?

இன்னொன்று. கடற்கரையில் பல பிள்ளைகள் பதினெட்டு இருபது வயதில் விசைப்படகில் ஏறிவிடுகிறார்கள். ஒருமுறை போனால் மாதத்துக்கு மேல் கடலில். திரும்பி வந்து ஆடினால் முதல் வாரம் கால் கனக்கும், மூன்றாம் வாரம் பழைய ஆட்டம் வரும். தொடர்ச்சியான ஓட்ட அளவுகளை வைத்துத் தீர்ப்பெழுதும் எந்த மென்பொருளிலும் இவன் ஒழுங்கீனமானவன். ஊரில் பார்க்கிற பழைய ஆட்டக்காரருக்கு இவன் படகிலிருந்து வந்து எத்தனை நாளாயிற்று என்று தெரியும். மேலும் மணலில் பந்து பழகியவன் தரையில் உருட்டிப் பாஸ் கொடுப்பதைவிடத் தூக்கிக் கொடுப்பதையும் நெஞ்சில் வாங்குவதையும் முதலில் கற்கிறான், ஏனென்றால் மணலில் உருட்டினால் பந்து நின்றுவிடும். அவனைப் புல்தரைப் பாஸ் சதவீதத்தால் அளந்து முதல் மாதத்தில் திருப்பி அனுப்புவது அளப்பவனின் அறியாமை. அந்த மணலும் இப்போது மிச்சமில்லை என்பது வேறு துயரம்; கடலரிப்பு மைதானங்களைத் தின்றுகொண்டிருக்கிறது.

ஜிம் கார்சியிடம் திரும்பிப் போவதில் ஒரு பயன் உண்டு. அவர் எண்ணத் தொடங்கியது அணிகளைத் தரவரிசைப்படுத்த அல்ல. தன்னிடம் பயிலும் கோலி ஒரு ஆட்டத்தில் எவ்வளவு உழைக்கிறான் என்ற ஒரு ஆட்டக்காரனின் கேள்வி அவருக்கு இருந்தது. ஐஸ் ஹாக்கியின் மிகச் சிறந்த எண் அப்படிப் பிறந்தது: ஆட்டத்தை அறிந்தவன் கேள்வி கேட்டான், எண் பதில் சொன்னது. இங்கே பதில்களைப் பெட்டியோடு இறக்குகிறார்கள். கேள்வி யாருடையது என்று கேட்டால் அசலூரில் இருக்கும் மென்பொருள் கம்பெனியினுடையது.

மாவட்டக் கால்பந்துச் சங்கமும் தமிழ்நாட்டுச் சங்கமும் மனம் வைத்தால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பதினைந்து வயதுக்கு மேற்பட்டோருக்கு மாவட்டத்தில் நடக்கும் ஒவ்வொரு அங்கீகரிக்கப்பட்ட ஆட்டத்துக்கும் ஒரு தாள். யார் எந்த இடத்தில் எத்தனை நிமிடம் ஆடினார்கள், ஷாட் எங்கிருந்து அடிக்கப்பட்டது, தரை மணலா மண்ணா புல்லா. ஒரு ஆட்டத்துக்கு ஒரு பென்சிலும் இரண்டு பிள்ளைகளும் போதும். தூத்தூரில் புனித யூதா கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளுக்கு இது ஒரு மாதத்தில் பழகிவிடும். ரீப் தனி ஆளாக அதைத்தான் செய்தார், கூட்டல் அவருக்குச் சரியாகவே வந்தது. வகுக்கத் தெரிந்த ஒருவரையும், எட்டு ஊர்களிலும் பழைய ஆட்டக்காரர் ஒருவரையும் பக்கத்தில் உட்கார வைத்தால், அவர் விழுந்த குழியில் நாம் விழ வேண்டியதில்லை. தாளில் ஒரு பத்தி அந்தப் பழைய ஆட்டக்காரருக்கு: இவன் படகிலிருந்து எப்போது வந்தான், முழங்கால் எப்படி இருக்கிறது, பந்து இல்லாதபோது எங்கே நிற்கிறான். பந்து இல்லாதபோது எங்கே நிற்கிறான் என்பதை அளக்க ஐரோப்பாவின் பணக்கார அணிகள் மைதானக் கூரையில் கேமரா கட்டிக் கோடிகள் செலவழிக்கின்றன. இங்கே அதை இலவசமாகச் சொல்ல ஆள் இருக்கிறார்கள், கேட்பாரில்லை.

இந்தத் தாள்கள் ஐந்து ஆண்டு சேரட்டும். அதுவரை கடற்கரைப் பையனைப் பற்றி டேட்டா என்ன சொல்கிறது என்று எந்த அணியின் ஆளாவது கேட்டால், ஒன்றும் சொல்லவில்லை, வந்து பாருங்கள் என்பதே சரியான பதில். நாகர்கோவிலிலிருந்து தூத்தூருக்குப் பஸ் இருக்கிறது.